கீழ்க்கொடியில் ஒரு சிவப்புத் துண்டு

"அந்த ஆளு பேரு இன்னான்னு சொன்னேம்மா?"

"பெட்டோசிரிஸுங்க."

"ஊரு?"

"எகிப்து தேசமுங்க."

"தொழிலு?"

"பூசாரிங்க. செத்து மூவாயிரம் வருசம் ஆச்சாம்."

"அப்ப கைது பண்றது கொஞ்சம் கஷ்டந்தான்" என்றாள் தங்கம்மா.

மாணிக்கராஜ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, எதிரே நின்ற பெண்ணின் பக்கம் திரும்பினார். மாரிகுப்பத்தில் தையற்கடைக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறைதான் அவருடைய துப்பறியும் ஆபீஸ். பாதிரியாராகப் போவதற்கு ரெண்டு வருஷம் படித்துப் பார்த்து, அங்கிருந்து ஓடிவந்து, தங்கச் சுரங்கத்துக் காவலில் கொஞ்ச காலம் இருந்து, மேலதிகாரியோடு ஒத்துவராமல் அதையும் விட்டுவிட்டு, கடைசியில் சொந்தமாக ஒரு பலகை எழுதி மாட்டிக்கொண்டவர் அவர்.

தங்கம்மா அவருக்கு உதவிக்கு வந்தவள். அதற்கு முன்னால் சுரங்கத்து மில் கேட்டில் பெண் கூலிகளைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பொம்பளை எதை எங்கே ஒளிப்பாள் என்பது அவளுக்குத் தெரிந்த மாதிரி மைசூர் ராஜ்யத்திலேயே வேறு யாருக்கும் தெரியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் கேட் வேலை போயிற்று. அந்த வாய்க்காகத்தான் மாணிக்கராஜ் அவளை வேலைக்கு வைத்தார். கேட்டால் இல்லை என்பார்.

எதிரே நின்ற பெண்ணுக்குக் கிருஷ்ணம்மா என்று பேர். கல்யாணமாகி வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் பேர் சம்பங்கி; சுரங்கத்தில் கல் உடைக்கிறவன்.

"முழுசா சொல்லும்மா" என்றார் மாணிக்கராஜ்.

"ராபர்ட்சன்பேட்டை பஜார்ல எகிப்து சாமின்னு ஒருத்தரு வந்துகீறாருங்க. செவப்புக் குல்லா போட்டுக்கினு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சக்கரம் பாப்பாரு. ஆளோட சுரங்கத்து நம்பர் பில்லையையும் ஆளோட துணி ஒண்ணையும் முடிஞ்சி அவரோட பானையில போட்டுடணும். பில்லையில கீற நம்பரை வெச்சுக் கணக்குப் போடுவாரு. மேல்பாதியில விழுந்தா ஆளு பொழைப்பான். துணியை மேல்கொடியில தொங்கவிடுவாரு. கீழ்ப்பாதியில விழுந்தா..."

"கீழ்க்கொடியில" என்று முடித்தாள் தங்கம்மா. "சம்பங்கியோட துண்டு இப்ப அங்கதான் தொங்குது. நானே பாத்தேன் ஐயா. செவப்புத் துண்டு, மெழுகுவத்தி சுட்ட ஓட்டையோட. ஊருக்கே தெரியும் அது யாருதுன்னு."

"யாரு கொண்டுபோய்ப் போட்டாங்கன்னு தெரியலீங்க" என்றாள் கிருஷ்ணம்மா, தரையைப் பார்த்தபடி. "பில்லை வூட்ல ஆணியில தொங்கும், துண்டு கொடியில காயும். ஒட்டிக் கட்டின லைன் வூடுதானே, யாரு வேணா வந்து போவாங்க. மறுநாளே கேங்கு ஆளுங்க, சுரங்கத்துல எறக்கற கேஜுல இவரோட ஏற மாட்டோம்னு சொல்லிட்டாங்க. மொதல்ல சிரிச்சாருங்க. அப்புறம் படுத்தவருதான். சோறு எறங்கல. நான் செத்துடுவேன் கிருஷ்ணம்மான்னு சொல்றாரு. உடம்புல ஒரு நோவும் இல்ல, ஆனா ஆளு பாதியா பூட்டாரு. அந்தச் சக்கரம் பொய்யின்னு நீங்க வந்து சொல்லுங்க ஐயா. உங்க பேச்சைக் கேப்பாரு."

பேசும்போதெல்லாம் அவளுடைய வலது கை இடுப்புச் சொருகலுக்குப் போய்ப் போய் வந்தது. பழைய பழக்கம் விடுமா? தங்கம்மா அதைப் பார்த்தாள். வெற்றிலைப் பொட்டலமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"யாராவது ஆகாதவங்க?" என்றார் மாணிக்கராஜ்.

கிருஷ்ணம்மா தயங்கினாள். "பக்கத்து வூட்டு ராஜப்பா மேல இவருக்குச் சந்தேகங்க. இவரு எடத்துக்கு இப்ப ராஜப்பாதான் போறாரு."

மாணிக்கராஜ் தொப்பியை எடுத்தார். "தங்கம்மா, ஒரு ஜட்கா பிடி. மூவாயிரம் வருஷத்து ஆளைப் போய்ப் பாத்துட்டு வருவோம்."

"பழம் ஏதாவது வாங்கிக்கினு போலாமா ஐயா? அத்தினி வயசான மனுசன்."

*

ராபர்ட்சன்பேட்டை பஜார் அப்போதுதான் புதுசாக எழும்பிக்கொண்டிருந்தது. பாதிக் கடைக்குக் கூரை இல்லை, ஆனால் எல்லாக் கடையிலும் கூட்டம் இருந்தது. எகிப்து சாமியின் கூடாரம் மொச்சைக்கொட்டை விற்கிறவளுக்கும் கண்ணாடி வளையல்காரனுக்கும் நடுவில். வாசலில் ரெண்டு கொடி. மேல்கொடியில் துண்டும் சட்டையும் நெருக்கியடித்துக்கொண்டு காய்ந்தன. கீழ்க்கொடியில் ஒற்றைச் சிவப்புத் துண்டு. தங்கம்மா அதன் எதிரே நின்றுவிட்டாள். தெரிந்த பையனின் துண்டு அது. அவன் சிரித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

உள்ளே குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லாவோடு சாமி சம்மணம் போட்டிருந்தார். எதிரே ஒரு பலகை. பலகையில் பெரிய வட்டம். வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலேயும் கீழேயும் என்னென்னவோ எழுத்துகள்.

"வருக!" என்றார் சாமி. "மகாராஜா நெக்கெப்சோ வினவ, மகாபூசாரி பெட்டோசிரிஸ் திருவாய் மலர்ந்தருளிய ஜீவமரணச் சக்கரம்! இராமுழுதும் வானத்தை நோக்கி ராஜா தவமிருக்க, ஆகாயத்திலிருந்து ஓர் குரல் இறங்கி..."

"அந்தக் குரலு எந்த பாஷையில பேசிச்சு?" என்றாள் தங்கம்மா.

சாமி திணறினார். "எகிப்து பாஷை."

மாணிக்கராஜ் குனிந்து பலகையைப் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எதிராளிக்குச் சங்கடம் என்று தங்கம்மாவுக்குத் தெரியும். அவள் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"சாமி, எகிப்துக்காரங்க எழுதினது எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா? பாதிரி பங்களாவுல படம் இருக்கு. குருவி, ஆந்தை, கண்ணு, பாம்பு. எல்லாமே படம். இதோ இது ஆல்பா. இது பீட்டா. இது காமா. ஒண்ணு, ரெண்டு, மூணுக்குப் பதிலா கிரேக்கன் போடற எழுத்து. ரெண்டு வருஷம் கிரேக்கு படிச்சு நான் கத்துக்கிட்டது இந்த எழுத்தையும், ஓடிப்போற வழியையும்தான். உங்க மகாபூசாரி குருவியை விட்டுட்டு எதுக்குக் கிரேக்க எழுத்துல கணக்குப் போட்டாரு?"

சாமி குல்லாவைச் சரிசெய்துகொண்டார்.

"நான் சொல்றேன் கேளுங்க. அந்த ராஜாவும் பூசாரியும் போய்ச்சேர்ந்து பல நூறு வருஷம் கழிச்சு, எகிப்துல குடியிருந்த எவனோ ஒரு கிரேக்கன் இதை எழுதினான். சொந்தப் பேரைப் போட்டா எவன் கேப்பான்? பழைய ராஜா பேரையும் பழைய பூசாரி பேரையும் போட்டான். பாதிரி பங்களா புஸ்தகத்துல இந்தக் கதை எல்லாம் இருக்கு."

"அட, இது நம்ம ஊரு வழக்கந்தானே ஐயா" என்றாள் தங்கம்மா. "பேதி மாத்திரை விக்கிறவன்கூட அகத்தியர் எழுதி வெச்சதுன்னுதான் விக்கிறான்."

"அதேதான். பேரு யாருதுன்னு பாக்காதே. அந்தப் பேரால யாருக்கு இன்னா ஆகணும்னு பாரு." மாணிக்கராஜ் சாமியின் பக்கம் திரும்பினார். "இப்ப உங்க சொந்தப் பேரைச் சொல்லுங்க."

குல்லா மெதுவாகத் தலையிலிருந்து இறங்கியது. அதோடு செந்தமிழும் இறங்கிவிட்டது.

"சகாயமுங்க. வேலூருங்க. கப்பல்ல சமையக்காரனா இருந்தேங்க. எகிப்துல போர்ட் சைடுன்னு ஒரு துறைமுகம், அங்க ஒரு கிரேக்குக் கடைக்காரன், என் மீன் கொழம்பைத் துன்னுட்டு, இந்தச் சக்கரத்தைக் காயிதத்துல வரைஞ்சு குடுத்தான். ஆனா சத்தியமா சொல்றேங்க, கணக்குல ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. நம்பரோட அன்னிக்குத் திதியைக் கூட்டி, முப்பது முப்பதா கழிச்சு, மிச்சம் எங்க விழுதோ அதத்தான் சொல்வேன். எனக்குப் புடிச்சவனா இருந்தாலும் மாத்த மாட்டேங்க."

"அந்தக் கீழ்க்கொடித் துண்டு? யாரு போட்டது?"

"யாருக்குத் தெரியும்? பானையில வந்து வுழுந்துது. நான் கேக்கறதும் இல்ல. பில்லையைச் சந்தன உருண்டை மேல அமுக்கி, சக்கரத்து நடுவுல வெச்சுக் கணக்குப் பண்ணுவேன். அப்புறம் பில்லையைத் தட்டுல போட்டுடுவேன், அவங்கவங்க எடுத்துக்கினு பூடுவாங்க."

"அந்தச் சந்தன உருண்டை?"

"மேல்பாதின்னா பூசிக்கக் குடுத்துடுவேன். கீழ்ப்பாதின்னா..." சகாயம் குரலைத் தாழ்த்தினான். "அத்த வெளிய போடக் கூடாதுங்க, தோஷம். பேத்தமங்களா ஏரியில கரைக்கணும். இன்னும் போகல. டப்பாவுல கீது."

தங்கம்மாவும் மாணிக்கராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டப்பாவைத் திறந்து, காய்ந்துபோன அந்தச் சந்தன உருண்டையை மாணிக்கராஜ் உள்ளங்கையில் வைத்தார். நடுவில் பில்லை பதிந்த பள்ளம் இருந்தது. எண் கலங்கிப் போயிருந்தாலும் ஓரம் சுத்தமாகப் பதிந்திருந்தது. நல்ல வட்டம்.

"வட்டமா?" என்று கத்தியே விட்டாள் தங்கம்மா.

"ஏன், பில்லை வட்டமா இல்லாம?"

"ஐயா, நீங்க வேலையை விட்டப்புறம் நடந்த கதை இது. சுரங்கத்துல கரெண்டு வந்துச்சே, அப்பவே பில்லை எல்லாத்தையும் மாத்திட்டாங்க. இப்ப எட்டு மூலை. பழைய வட்டப் பில்லையை ஒண்ணு விடாம திரும்ப வாங்கிட்டாங்க. சம்பங்கி பில்லையும் எட்டு மூலைதான். எங்க கேட்டைத் தாண்டித்தானே போவான்!"

"ஒண்ணு விடாமயா?"

ஷாப்டு என்கிற சுரங்கக் கிணற்றில் இறங்குகிறவன் வாசலில் பில்லையைக் கொடுத்துவிட்டு இறங்குவான். மேலே வந்ததும் வாசல் பலகையிலிருந்து எடுத்துக்கொள்வான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

"சில ஆளுங்க மேல வரல ஐயா" என்றாள். "கல்லு சரிஞ்சு மூடிடுச்சு. ஆளையும் எடுக்க முடியல. பில்லை மட்டும் பலகையிலயே தங்கிப்போச்சு. அத்த மட்டும் வூட்டுக்காரங்க கையில குடுத்துட்டாங்க. கேட்டா யாரும் திருப்பிக் குடுக்கல. கேக்கறதுக்கு யாருக்கும் மனசும் வரல."

"ராஜப்பா வீட்டுல அப்படி யாராவது?"

"அவனோட அண்ணன்" என்றாள் தங்கம்மா. சொல்லும்போதே அவளுக்கு வாய் கசந்தது.

"எழுந்திரு சகாயம்" என்றார் மாணிக்கராஜ். "சக்கரத்தையும் எடுத்துக்க."

"போலீசுக்குங்களா?"

"அதைவிட மோசமான இடம். ஒரு பொண்டாட்டி முன்னாடி."

*

லைன் வீட்டில் சம்பங்கி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பார்க்கவே பாவமாக இருந்தது. பக்கத்தில் ஒருவன் கிண்ணத்தில் கஞ்சியோடு உட்கார்ந்து, "ஒரு வாய் குடிடா, டேய்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அது யாரென்று பார்த்தால், ராஜப்பா!

கிருஷ்ணம்மா கதவருகே நின்றாள். மாணிக்கராஜ் பாயில் உட்கார்ந்து, ஆல்பா பீட்டாவில் தொடங்கிக் கிரேக்கன் வரைக்கும் அழகாக எடுத்துச் சொன்னார். சகாயமும் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். சம்பங்கி எல்லாவற்றையும் கேட்டான்.

"அப்ப எழுதினது எகிப்துக்காரன் இல்ல" என்றான் கடைசியில்.

"இல்லவே இல்ல."

"கிரேக்கன்."

"ஆமா!"

"கிரேக்கன் சொன்னா மட்டும் ஆளு சாக மாட்டானா ஐயா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

தங்கம்மா சிரிப்பை அடக்க இருமினாள். ரெண்டு வருஷத்துக் கிரேக்குப் படிப்பு இப்படி ஒரே கேள்வியில் கவிழ்ந்து அவள் பார்த்ததில்லை. மாணிக்கராஜின் காது சிவந்துவிட்டது. பாவம், அவரும் மனுஷர்தானே.

அவர் எழுந்துபோய் ஆணியில் தொங்கிய சம்பங்கியின் பில்லையை எடுத்தார். எட்டு மூலை. சந்தன உருண்டையின் பள்ளத்தில் அதை வைத்துப் பார்த்தார். மூலைகள் இடித்தன, உள்ளே இறங்கவில்லை.

"சம்பங்கி, இங்க பாரு. சாமிகிட்ட போனது உன் பில்லையே இல்ல. துண்டுதான் உன்னோடது. பில்லை வேற யாரோ செத்தவரோடது."

சம்பங்கி மெல்லத் தலையைத் தூக்கினான். பார்வை நேராக ராஜப்பாவின் மேல் போய் நின்றது.

"உங்க அண்ணனோட பில்லை உன்கிட்ட கீதில்ல?"

ராஜப்பா கஞ்சிக் கிண்ணத்தை வைத்தான். முகம் செத்துப்போயிற்று. "டேய், நானாடா? நீ எழுந்து வர்ற வரைக்கும் உன் எடத்த வேற எவனுக்கும் குடுக்கக் கூடாதுன்னு மேஸ்திரிகிட்ட சண்டை போட்டு நான் நிக்கிறேன்டா!" என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்கு ஓடி, ஒரு வட்டப் பில்லையோடு திரும்பிவந்தான். "பாருங்க ஐயா. அண்ணன் விளக்கு முன்னாடி மாட்டினது. அன்னிலேர்ந்து யாரும் தொட்டதில்ல."

மாணிக்கராஜ் வாங்கிப் பார்த்தார். விளக்குப் புகை படிந்து பில்லை கரிக்கட்டையாக இருந்தது. விரலால் தேய்த்தார். விரல் கறுப்பாயிற்று. சந்தன உருண்டையைப் பார்த்தார். அதில் பொட்டுக் கறுப்புகூட இல்லை.

"இது இல்ல" என்றார். "மன்னிச்சுக்க ராஜப்பா. இதை வெச்சு அமுக்கியிருந்தா சந்தனம் மையாகியிருக்கும். அந்தப் பில்லை தினமும் கை பட்டுத் தேஞ்ச பில்லை. யாரோ அதைக் கூடவே வெச்சிருக்காங்க."

கூடவே வைத்திருக்கிறார்கள்! தங்கம்மா சட்டென்று கதவருகே பார்த்தாள். கிருஷ்ணம்மாவின் வலது கை இடுப்புச் சொருகலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

மில் கேட்டில் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறாள் தங்கம்மா! பிடித்தபோதெல்லாம் ஒரு கர்வம் வரும். இப்போது வரவில்லை. பார்க்காத மாதிரி இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் பாயில் கிடந்தவன் நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தான்.

"கிருஷ்ணம்மா" என்றாள், முடிந்தவரை மெதுவாக. "இடுப்புல இன்னாம்மா?"

கிருஷ்ணம்மா மறுக்கவில்லை. மடிப்பைப் பிரித்து எடுத்தாள். பளபளவென்று தேய்ந்த வட்டப் பில்லை. தொங்கவிடும் ஓட்டைக்குள் காய்ந்த சந்தனம் இன்னும் இருந்தது.

"எங்கப்பாவோடதுங்க" என்றாள். அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். "அன்னிக்கு நான்தான் சோத்துத் தூக்கோட ஷாப்டாண்ட நின்னேன். எல்லாரும் மேல வந்து அவங்கவங்க பில்லையை எடுத்துக்கினு பூட்டாங்க. பலகையில ஒண்ணே ஒண்ணு தொங்கிக்கினு இருந்துச்சு. தெனம் இவரு கேஜுல ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் கண்ணுல நிக்குது. வேற வேலை பாருங்கன்னா சிரிக்கிறாரு. நான் சொன்னா எடுபடல. எகிப்து சாமி சொன்னா எடுபடும்னு நெனச்சேன். செத்தவரு நம்பரை வெச்சாக் கீழ்ப்பாதிதானே வரும்னு போட்டேன். ஷாப்டுக்குப் போவாம வூட்ல இருப்பாருன்னு பாத்தா, இப்படிப் படுத்துட்டாருங்க. உண்மையச் சொல்ல வாய் வரல. சக்கரமே பொய்யின்னு நீங்க சொல்லிட்டா எழுந்துடுவாருன்னு ஓடி வந்தேன்."

சொந்தப் பேரைச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு கிரேக்கனுக்குத் தோன்றியிருக்கிறது. மாரிகுப்பத்து லைனில் கிருஷ்ணம்மாவுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது.

சகாயம் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா! கணக்கு தப்பவே இல்லீங்க! செத்தவரைச் செத்தவருன்னு சரியா சொல்லிடுச்சு!"

"செத்தப்புறம் சொல்றதுக்கு எதுக்குய்யா ஜோசியம்?" என்று சீறினாள் தங்கம்மா. "ஒக்காரு!"

ஆனால் சம்பங்கி எழுந்து உட்கார்ந்துவிட்டான். "அப்ப அது மாமனுக்குச் சொன்னதா? எனக்குச் சொல்லலியா?"

"உனக்குச் சொல்லவே இல்லப்பா" என்றார் மாணிக்கராஜ்.

"அப்ப என்னோடது இன்னா?"

மாணிக்கராஜ் திடுக்கிட்டார். "அது எதுக்கு இப்ப..."

"இல்ல ஐயா. எனக்குத் தெரிஞ்சாகணும். கேங்கு ஆளுங்களுக்கும் தெரிஞ்சாகணும். சாமி, இந்தாங்க என் பில்லை. பாருங்க."

யாராலும் தடுக்க முடியவில்லை. வாசலில் அக்கம்பக்கத்துத் தலைகள் எட்டிப் பார்த்தன. கிருஷ்ணம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சகாயம் பலகையை மடியில் வைத்து, எட்டு மூலைப் பில்லையின் எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக் கூட்டினான், கழித்தான். விரல் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றது. அவன் நிமிர்ந்து மாணிக்கராஜைப் பார்த்தான். மாணிக்கராஜ் எட்டிப் பலகையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

சகாயம் குல்லாவை எடுத்துத் தலையில் மாட்டினான்.

"மேல்பாதி!" என்று மூணு லைனுக்குக் கேட்கும்படி கத்தினான். "பெட்டோசிரிஸ் வாக்கு! மேல்பாதியிலும் மேல்பாதி! நூறு வயசு!"

வாசலில் ஒரே ஆரவாரம். "துண்டை மேல்கொடிக்கு மாத்தறேன்டா!" என்று ராஜப்பா பஜாரைப் பார்த்து ஓடினான். சம்பங்கி கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"கிருஷ்ணம்மா. கஞ்சி வேணாம். களி கீதா?"

இருந்தது. கருவாட்டுக் குழம்பும் இருந்தது. அவன் உருட்டி உருட்டி விழுங்குவதை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டு பார்த்தாள்.

"என்னைச் சாவடிக்கப் பாத்தியே, புள்ள" என்றான் வாய் நிறையக் களியோடு.

"உசிரோட வெச்சுக்கத்தாங்க பாத்தேன்."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமில்ல?"

"தீவாளிக்குச் சொன்னேன். பொங்கலுக்குச் சொன்னேன். கோலார் சந்தைக்குப் போனப்போ வழியெல்லாம் சொன்னேன். சிரிச்சீங்க."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். சிரிக்கவில்லை. "இப்ப சொல்லு" என்றான்.

"பேத்தமங்களா ஏரியாண்ட தண்ணி பம்பு வெக்கிறாங்களாம். ஆளு எடுக்கறாங்க. கூலி கம்மிதான். ஆனா எல்லாம் தரைக்கு மேல."

சம்பங்கி தட்டைப் பார்த்தான். எட்டு மூலைப் பில்லையைப் பார்த்தான். அவள் உள்ளங்கையில் கிடந்த வட்டப் பில்லையையும் பார்த்தான்.

"திங்கக்கெழமை போய்க் கேட்டுப் பாக்கறேன்" என்றான். "இன்னொரு உருண்டை வை."

*

ஸ்டேஷன் பக்கம் திரும்பும் வழியில் மூணு பேரும் நடந்தார்கள். மாணிக்கராஜ் முகத்தில் கேஸ் முடிந்த திருப்தி தெரிந்தது. சகாயம் மட்டும் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, திருடனைப் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"ஐயா" என்றான் கடைசியில். "நான் கணக்குல பொய் சொன்னதே இல்லீங்க. இன்னிக்குத்தான் மொத மொதல்ல சொன்னேன். அந்தப் பையனுக்கு வந்தது கீழ்ப்பாதிங்க."

"தெரியும்" என்றார் மாணிக்கராஜ்.

"தெரியுமா!" என்று தங்கம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"எனக்குத்தான் அந்த எழுத்து படிக்கத் தெரியுமே. விரல் நின்ன எடத்தைப் பாத்தேன்."

"அதான் கண்ணாடியைத் தொடைச்சீங்களா! இன்னா மனுசங்கய்யா நீங்க! கிரேக்கன் ஒருத்தன் பெட்டோசிரிஸ் பேரைப் போட்டு எழுதினான்னு அங்க அத்தினி பேச்சு பேசினீங்க. இப்ப நீங்களும் அதே வேலையப் பண்ணிட்டீங்களே!" சொல்லிக்கொண்டே வந்தவளுக்குத் திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது. குரல் இறங்கியது. "ஐயா, நெஜமாவே கீழ்ப்பாதியா? அப்ப அந்தப் பையன் செத்துடுவானா?"

மாணிக்கராஜ் நடையை நிறுத்தவில்லை.

"எல்லாரும் ஒரு நாளைக்குக் கீழ்ப்பாதிதான், தங்கம்மா. அந்த ஒரு விஷயத்துல பெட்டோசிரிஸ் தப்பே பண்ணினது கிடையாது."

தங்கம்மா அதை மனசுக்குள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பயம் போய்விட்டது. எரிச்சல் வந்தது.

"இத்தச் சொல்றதுக்கா அந்த ஆளு எகிப்துலேர்ந்து வந்தாரு?" என்றாள். "நம்ம மொச்சைக்கொட்டைக்காரிகூடச் சொல்லியிருப்பாளே!"